கயிறு எடுக்க ஒரு பாஸ்

— கயிறோ? ஒரு கயித்தை எடுக்கிறதுக்கு இன்னொரு பாஸ் கேக்கிறீரோ?

— ஆமா, கனகலிங்கம் சார். ஒரு மணி நேரம் போதும்.

— காலமை தந்த பாஸ் எங்க?

— ரெண்டு மணியோட முடிஞ்சிருச்சி.

— அப்ப உம்மட கயிறும் ரெண்டு மணியோட முடிஞ்சுது. நாளைக்கு வாரும்.

— நாளைக்கி முடியாது சார். இன்னைக்கே வேணும். ஆறு மணிக்கு ஊரடங்கு, வேலி கேட்டை மூடிருவீங்க.

— நான் மூடுறேல்ல. நாகமுத்து மூடுவான். நாகமுத்து, இப்ப என்ன நேரம்?

— அஞ்சே காலுங்கய்யா. ஆறடிச்சா பூட்டிருவேன். அப்பறம் கவர்னரே வந்தாலும் வேலிக்கு அந்தப் பக்கம்தான் படுக்கணும்லா.

— கேட்டீரோ? காவலுக்குத் துவக்கு வைச்சிருக்கிறவன் சொல்லுறான்.

— ரெண்டு மணிக்கே வந்துட்டேன் சார். கவுன்டர் பூட்டியிருந்தது.

— ஞாயிற்றுக்கிழமை மனுசன் சாப்பிடக்கூடாதோ? சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் கண்ணயரக்கூடாதோ?

— அஞ்சு மணிக்குத்தான் தொறந்தீங்க.

— எனக்கே நேரம் பிடிக்கிறீரோ? அதைச் சைக்கிள் ரேசிலை பிடியும். சரி, பாரத்தை நிரப்புவம். பேர்?

— உங்களுக்குத் தெரியும் சார்.

— எனக்குத் தெரியும். பாரத்துக்குத் தெரியாது.

— பாலகிருஷ்ணன்.

— தொழில்?

— பன்னெண்டாங்கட்டைத் தோட்டத்துல சின்னக் கிராணி. ஆபீஸ் கணக்கு எழுதுறேன்.

— படிப்பு?

— அது பாரத்துல இல்லையே சார்.

— இல்லை. நான் கேக்கிறன்.

— சிங்கப்பூர்ல காலேஜ். ரெண்டு வருஷம்.

— ரெண்டு வருஷம் காலேஜிலை படிச்சுப்போட்டுக் கல்லிலை ஏறுறீர். எங்கட ஊரிலை இதை ஆடு செய்யும். எழுத்துக்கூட்டவும் தெரியாத ஆடு.

— ஆடு நல்லா ஏறும் சார்.

— பகிடியோ? போற நோக்கம்?

— கயிறு எடுக்க.

— என்ன கயிறு?

— மணிலாக் கயிறு. நூத்தி இருவது அடி.

— எங்க கிடக்குது?

— தோட்டத்துக்குப் பின்னால இருக்கிற பாறையில.

— பாறையிலை எண்டா? அடியிலையோ, உச்சியிலையோ?

— நடுவுல.

— நடுவுலயா? அலாமாக்! ஐயா, அந்தப் பாறையை நான் பாத்திருக்கேன். மொட்டைச் செவுரு. உடும்புகூட ஒரு தடவை யோசிச்சித்தான் ஏறும். கிராணியாருக்கு அங்க என்னலா வேலை?

— நீ வாசலைப் பார், நாகமுத்து. இஞ்ச பாரும், பாலகிருஷ்ணன். காலமை நான் என்னெண்டு எழுதித் தந்தனான்? 'மகாராணி முடிசூட்டு சைக்கிள் பந்தயம், பத்து பெரண்டாம் ஊரிலிருந்து கோலா சுங்கை பாரு வரை.' என்ர கையாலை, என்ர மையாலை எழுதினது. அந்தப் பாசோடை கல்லுக்குப் போனீரோ?

— ரேசுக்கும் போனேன்.

— ரெண்டுக்குமோ?

— விடியக்காலையில பாறை. பத்து மணிக்கு ரேஸ்.

— ஏன், இடையிலை நீச்சல் ஒண்டும் இல்லையோ?

— நேரம் பத்தல.

— வேற நாளே இல்லையா கிராணியாரே?

— ஏது நாளு? ஆறு நாள் ஆபீஸ். வாரத்துக்கு ஒரு பாஸ், அதுவும் ஞாயித்துக்கிழமை. ரெண்டையும் அந்த ஒரு பாசுலதான் முடிக்கணும். மத்த நாள் வேலிக்குள்ளயே பழகிக்கணும்.

— அது நெசம்தாங்கய்யா. சாயங்காலமானா வேலியோரமா நாப்பது சுத்து சுத்துறாரு. செக்கு மாடுகூட நடுவுல நின்னு மூச்சு விடும். அப்பறம் புகை வீட்டுக்குள்ள போயி, ரப்பர் ஷீட்டு காயப்போடுற கழியைப் புடிச்சிக்கிட்டுத் தொங்குறாரு. புதுசா வந்த கான்ஸ்டபிள் ஒருத்தன் பாத்துட்டு, கிராணி தூக்குல தொங்குறாருன்னு விசில் அடிச்சிட்டான். தோட்டமே கூடிருச்சி.

— எதுக்குக் காணும் தொங்குறீர்?

— விரலுக்குப் பலம் வேணும்.

— சைக்கிளுக்கோ?

— அதுக்குக் கால்.

— ரெண்டுக்கும் உடம்பு ஒண்டுதானே?

— அதான் சார் கஷ்டம். பாறை ஏறினா முன்னங்கை வெறைச்சிரும், பிரேக் புடிக்க முடியாது. சைக்கிள் மிதிச்சா கெண்டைக்கால் துடிக்கும், பாறையில கால் நிக்காது. அதனால பாறையை மொதல்ல முடிச்சிரணும். ரேசுல பிரேக்கைத் தொடாம ஓட்டிரலாம்.

— பிரேக்கைத் தொடாமல்! விசருக்கும் ஒரு அளவு இருக்குது. வெண்டனீரோ?

— ரெண்டாவது.

— முதலாவது ஆர்?

— ஒரு சீனப் பையன். கோலா சுங்கை பாரு பாசார்ல மீன் விக்கிறான்.

— அவன் கல்லேறுறவனோ?

— இல்ல.

— அதுதான் முதலாவது.

— அரைச் சக்கரத்துலதான் போச்சு.

— அரைச் சக்கரமோ அரை மைலோ, ரெண்டாவது ரெண்டாவதுதான். கல்லையாவது முழுக்க ஏறி முடிச்சீரோ?

— முக்காவாசி.

— அங்கை முக்கால், இஞ்சை ரெண்டாவது. ஒண்டை ஒழுங்காச் செய்திருந்தா ஒரு கோப்பையாவது வீட்டை வந்திருக்கும். வீட்டிலை மனிசி ஒண்டும் சொல்லுறேல்லையோ?

— வீட்ல யாரும் இல்ல சார்.

— இன்னும் கட்டேல்லையோ?

— கட்டினேன். போன வருஷம் செத்துட்டா.

— ஓ. என்ன வருத்தம்?

— காய்ச்சல்.

— பிறகுதான் இந்தக் கல்லு விசர் பிடிச்சதோ?

— காலேஜ் நாள்லயே ஏறுவேன். கல்யாணம் ஆனப்ப, ரெண்டுல ஒண்ணை வச்சிக்கச் சொன்னா. சைக்கிளை வச்சிக்கிட்டேன். இப்ப சொல்ல ஆள் இல்ல.

— நான் சொல்லுறன். ஒண்டை விடும்.

— பாஸ் குடுங்க. அப்பறம் விட்டுர்றேன்.

— பொறும், பொறும். இந்தக் கயித்தை வைச்சுத் தனிய ஒராள் ஏறலாமோ?

— முடியாது. பாதிப் பாறையில ஒரு திட்டு இருக்கு. ஒரு பாய் அகலம். ஒருத்தர் அங்க ஒக்காந்து கயித்தைப் புடிச்சிக்குவாரு. இன்னொருத்தர் அதுக்கு மேல ஏறுவாரு. உச்சிக்குப் போயி மத்தவரையும் மேல ஏத்திட்டா, பின்பக்கமா ரெண்டு பேரும் நடந்தே எறங்கிரலாம். பாதியில விட்டாத்தான் வம்பு. எறங்குறதுக்கும் ஒருத்தர் புடிக்கணும்.

— உமக்கு ஆர் பிடிக்கிறது?

— ராமையாண்ணன். எங்க தோட்டத்துல பால்மரம் வெட்டுறாரு.

— ராமையாவா? அட சாமி! ஐயா, அவரு பழைய யூனியன் ஆளு. எந்தக் காரணத்துக்கும் பாஸ் குடுக்கக் கூடாதுன்னு மூணு மாசம் முன்னாடியே உத்தரவு. வேலிக்கடியில பூந்து வெளிய போயி மாட்டினா விசாரணையே கெடையாது, நேரா கப்பல்தான். நாகப்பட்டணத்துல போயி மரம் வெட்ட வேண்டியதுதான்லா.

— அங்க ரப்பர் மரம் இல்லையடா.

— அதான் சொல்றேன்யா.

— பாலகிருஷ்ணன், இண்டைக்கும் ராமையாவோ பிடிச்சது?

— பாஸ் ஒருத்தருக்குத்தானே சார் குடுத்தீங்க.

— நான் கேட்டதுக்கு அது மறுமொழி இல்லை.

— மணி அஞ்சரை ஆச்சு சார். நோக்கம் எழுதிட்டீங்க. கீழ கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

— கையெழுத்து என்ர. எப்ப போடுறது எண்டு நான் சொல்லுவன். இதை முதல் சொல்லும்: வரேக்கை ஏன் கயித்தை அவிழ்த்துக்கொண்டு வரேல்ல?

— நேரம் இல்ல. எட்டே முக்காலுக்குக் கெளம்பினாத்தான் ரேஸ் தொடங்குற எடத்துக்குப் போக முடியும். அவிழ்த்துக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகும்.

— ஒரு முடிச்சை அவிழ்க்க ஒரு மணித்தியாலமோ?

— அந்த முடிச்சுக்கு ஆகும்.

— நல்ல முடிச்சு. கலியாணத்துக்குக் கூட இப்பிடிப் போடுறேல்ல.

— ரேஸ் முடிஞ்சி திரும்பி வந்து, புதுசா ஒரு பாஸ் வாங்கிட்டு மத்தியானமே போயிரலாம்னு நெனைச்சேன்.

— பாஸ் என்ன, சீனன் கடையிலை தொங்குற வாழைக்குலையோ? வேணுமெண்ட நேரம் பிச்சுக்கொண்டு போக? காலேஜிலை படிச்ச மூளை இதைத்தான் யோசிச்சுதோ? நாளைக்குக் காலமை வாரும். கயிறு ஓடிப்போகாது.

— நாளைக்கி ஆவாதுங்கய்யா. இன்னைக்கி ஆறு மணியிலேர்ந்து அந்தப் பக்கம் பட்டாளம் எறங்குது. மூணு நாளைக்கி. அசையிறது எதுவா இருந்தாலும் சுடச் சொல்லி நோட்டிஸ் போட்டாச்சு. கிராணியாருக்குத் தெரியாதா?

— தெரியும். ரெண்டு மணிக்குத்தான் தெரிஞ்சது. ஒங்க கதவுல ஒட்டியிருந்தது. மூணு மணி நேரம் அதைத்தான் படிச்சிக்கிட்டிருந்தேன்.

— தெரிஞ்சுமோ கேக்கிறீர்? ஒரு கயித்துக்காக, பட்டாளம் வாற நேரம் பாத்துக் கல்லிலை ஏறப் போறீரோ? உம்மைச் சுட்டா, பாஸிலை கையெழுத்து ஆற்றை? என்ர. என்னை நாலு வெள்ளைக்காரன் நிக்கவைச்சுக் கேள்வி கேப்பான். கயித்துக்கோ எண்டு கேப்பான். நான் ஓம் எண்டு சொல்லவோ?

— வேகமா போயிட்டு வந்துருவேன். நான் சைக்கிள் ஓட்டுறவன் சார்.

— ரெண்டாவதா வாற சைக்கிள்காரன். குண்டு முதலாவதா வரும்.

— கிராணியாரே, பையைத் தொறங்க. பாஸ் குடுத்தாலும் குடுக்காட்டியும் பையைப் பாக்கணும்.

— பையில ஒண்ணுமில்ல, நாகமுத்து.

— ஒண்ணுமில்லாத பை இப்பிடிக் கனக்குமாலா? குடுங்க இப்பிடி. தண்ணி. இதுவும் தண்ணி. ரெண்டு போத்தல். இது என்ன, துணியில சுத்தி... ஐயா! ரொட்டி! முழு ரொட்டி!

— ரொட்டியோ? வேலிக்கு வெளியிலை கொண்டுபோகவோ?

— காலையிலயும் இவருகிட்ட ரெண்டு வாழைப்பழம் புடுங்குனேங்கய்யா. ரேசுக்கு முன்னாடி சாப்பிடன்னாரு. கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்னு தின்னுட்டுப் போங்கன்னேன். பழத்தை என் கையில வச்சிட்டுப் போயிட்டாரு.

— பாலகிருஷ்ணன், இனி இது விளையாட்டில்லை. ஒரு சுண்டு அரிசிக்கு ஆக்களைப் பிடிச்சு உள்ளுக்குப் போடுற காலம். ஆருக்கு இந்த ரொட்டி?

— எனக்கு.

— ரெண்டு மணியிலை இருந்து இந்த வாங்கிலைதானே இருந்தனீர். ஏன் இஞ்சை வைச்சுத் தின்னேல்ல?

— பசிக்கல.

— பசிக்காதவன் ரொட்டியோடை கல்லேறப் போறான்! கேட்டியோ நாகமுத்து? கயிறு ரொட்டி தின்னுமாம். கயித்துக்குத் தண்ணி விடாய்க்குமாம். காட்டிலை ஒளிச்சிருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோறதுக்கு நான் எத்தினை கதை கேட்டிருக்கிறன். சைக்கிள் பம்புக்குள்ளை அரிசி. பால் வாளிக்குள்ளை கருவாடு. மலையேறுற கதை இண்டைக்குத்தான் கேக்கிறன். படிச்ச ஆள். அந்தளவுக்கு நல்ல கதை.

— நான் காட்டுக்காரனுக்கு எதையும் கொண்டுபோகல சார்.

— அப்ப ஆருக்கு? பேரைச் சொல்லும். சொல்லாட்டி இன்ஸ்பெக்டருக்கு டெலிபோன் எடுப்பன்.

— எடுக்காதீங்க சார். உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். கையெழுத்துப் போடுங்க. ஏழு மணிக்குள்ள நானே வந்து இந்தக் கதவுக்கு முன்னால நிக்குறேன். அப்பறம் என்னை எங்க வேணும்னாலும் அனுப்புங்க.

— இப்பதான் முதல்தரம் கும்பிடுறீர். அஞ்சு மணிக்கு வரேக்கை முகத்திலை ஒரு பயமும் இல்லை. கல்லு மாதிரி நிண்டீர்.

— ஐயா, அஞ்சு அம்பத்தஞ்சு. நான் கேட்டுக்குப் போவணும்.

— போ. பூட்டு. நானும் பாரத்தைக் கிழிக்கிறன், ரொட்டியை நான் காணேல்ல. பாலகிருஷ்ணன், இது நான் உமக்குச் செய்யிற பெரிய உதவி. வீட்டை போய்ப் படும். மூண்டு நாள் ஒரு கயிறு கல்லிலை கிடந்தா என்ன குறைஞ்சு போகும்?

— கேட்டை மூடாதீங்க, நாகமுத்து. சார், அந்தக் கயித்தோட ஒரு முனை ராமையாண்ணன் இடுப்புல இருக்கு. பாதிப் பாறையில அவரை ஒக்கார வச்சிட்டுத்தான் நான் ரேசுக்குப் போனேன்.