எந்த மருந்து?

அருப்புக்கோட்டையில் பஸ் கிளம்பும்போதே எனக்கு முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்களில் பெரியவள் தாகம் என்றாள். பக்கத்தில் இருந்த சின்னவள் பையில் தண்ணீர் பாட்டிலைத் துழாவிக்கொண்டே பேசினாள். எனக்கு ஜன்னல் பக்கம் பார்க்கத் தோன்றவில்லை.

"குடிக்கிற கலர் சோடாவுல மருந்து வச்சுட்டாகன்னு எங்க மாமியா ஆஸ்பத்திரியில கத்துனாக, மதினி. அதுலதான் எல்லாம் கொழம்பிப்போச்சு."

"என்ன மருந்தாம்?"

"அதத்தான் டாக்டரும் கேட்டாரு. மாமியா சொன்னது வசிய மருந்த. நர்சம்மா பருத்திக்கு அடிக்கிற மருந்துன்னு நெனச்சு, எங்க கொழுந்தன் மூக்குல டியூப விட்டுட்டாக. டாக்டரு சுகர் மாத்திரையாங்குறாரு."

"கொழுந்தன் என்ன சொல்லுச்சு?"

"அவருக்கு ஏது நெனவு? காதுகுத்து வீட்டுல அந்தக் கலரக் குடிச்சாரு, பந்தியிலயே சாஞ்சுட்டாரு. இப்ப எந்திரிச்சு உக்காந்துட்டாரு, ஆனா ஒண்ணும் ஞாபகம் இல்லைங்குறாரு."

"ரத்தம் எடுத்தாகளா?"

"எடுத்தாக. அதுல ஒண்ணும் தெரியலையாம். அதுக்காகக் கலக்கலைன்னும் சொல்ல முடியாதாம்."

"அப்ப யாருதான் கலந்தது?"

"எனக்கும் புரியல மதினி. கடையில வாங்கி, மூடியத் தெறந்து, அவரு கையில கொடுத்தது நான்தான். மூணு நாளா மாமியா என் கையால பச்சத்தண்ணி வாங்க மாட்டேங்குறாக."

பாட்டில் அகப்பட்டுவிட்டது. சின்னவள் மூடியைத் திறந்து நீட்டினாள்.

பெரியவள் அதைப் பார்த்தாள்.

"வச்சுக்க. இப்பத் தாகமில்ல."