துப்பாக்கி மேஸ்திரி இஸ்ரவேல் மேல் விழுந்த பழி

தலைமை தாங்கும் பெரியவர் பொன்னுலிங்கம் அவர்களே, ஜெபம் சொல்லித் தொடங்கிவைத்த உபதேசியார் ஜான்ரோஸ் அவர்களே, மலையடிவாரப் பயிர்க்காவல் சங்கத்தின் அங்கத்தினர்களே, கணவரைப் பறிகொடுத்து எட்டு நாள்கூட ஆகாத நிலையிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் தேவகனி அம்மாள் அவர்களே, உங்கள் எல்லோருக்கும் சங்கத்தின் காரியதரிசி வைகுண்டராஜனின் வணக்கம்.

கோட்டாறு துப்பாக்கி மேஸ்திரி இஸ்ரவேல் போய்விட்டார். அவரைப் புகழ்ந்து பேச என்னை எழுப்பி விட்டிருக்கிறீர்கள். புகழ எனக்கு யோக்கியதை உண்டா? நான் பேசி முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

நம் வயல்களில் மரச்சீனிக் கிழங்கும் வாழையும் பன்றி வாயில் போகாமல் நம் வாய்க்கு வந்தது யாரால்? துருப்பிடித்துக் கிடந்த நாட்டுத் துப்பாக்கிகளை எல்லாம் பேச வைத்தவர் யார்? இஸ்ரவேல் மேஸ்திரி. கோபம் வந்தால் துப்பாக்கியைத்தான் ஏசுவார். "நீ எல்லாம் ஒரு துப்பாக்கியா லே?" என்பார். அதைக் கெடுத்துக் கொண்டுவந்த ஆளை ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதற்கு அது வேண்டும்.

எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது நம் சங்கத்துக்கு ஒரு ரைபிள் கொடுத்தார். அதன் முதுகில் ஒரு டெலஸ்கோப். கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே சிலுவை போல ஒரு கோடு தெரியும். மேலே ஒரு திருகு உண்டு. நூறு கஜத்துக்கு ஒரு கணக்கு, இருநூறு கஜத்துக்கு ஒரு கணக்கு. திருகைத் திருப்பினால் கோடு நகரும். அதைச் சரிபார்த்துத் தந்தவர் இஸ்ரவேல். பெட்டியில் வைத்துப் பூட்டி, ஒரே சாவியை என்னிடம் கொடுத்தீர்கள்.

அன்றைக்கே அவர் சொன்னார்: "அண்ணாச்சி, இது கோட்டாத்துல உச்சி வெயில்ல பாத்த குறியாக்கும். மலையில விடியக்காலத்துக் குளிருல அப்படியே நிக்கும்னு நம்பப்படாது. மேல போயி காயிதத்துல ஒரு வெடி வச்சுப் பாத்துட்டு, பொறவு மிருகத்தச் சுடச் சொல்லுங்க." நாங்கள் சிரித்தோம். குளிருக்கு மனுஷன் சுருண்டுகொள்வான், இரும்புக்கும் கண்ணாடிக்கும் என்ன என்று கேட்டவன் நான்தான்.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டு மார்கழியில் கீரிப்பாறைக்கு மேலே மலைக்காட்டில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். பொழுது விடிகிற நேரம். இருநூறு கஜத்தில் ஒற்றைப் பன்றி. நம் கோலப்பன் திருகைத் திருப்பிவிட்டுச் சுட்டான். நெஞ்சுக்கு வைத்த குறி, குண்டு காலில் பட்டது. அடிபட்ட பன்றி திரும்பி வந்து அவன் தொடையைக் கிழித்தது. இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறான்.

மறுநாள் மத்தியானம், கமிட்டி முன்னால், இஸ்ரவேல் டெலஸ்கோப்பைக் கழற்றினார். அந்த வெயிலில் திருகு வெண்ணெயாகத் திரும்பியது, கோடு சொன்னபடி நகர்ந்தது. கருவியில் பழுது இல்லை, அப்படியானால் குறி பார்த்துத் தந்தவன் மேல்தான் குற்றம் என்று நாம் முடிவுகட்டினோம். அவர் மட்டும் திருகை மோந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, இடையில பெட்டியத் தொறந்தியளா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அது பொய். திருகு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. வேட்டைக்கு நாலு நாள் முன்னால் வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு நான்தான் விட்டேன். கதவுக் கீலுக்கு விடுவோம், தையல் மிஷினுக்கு விடுவோம், இதற்கு விட்டால் என்ன என்று நினைத்தேன். மார்கழிக் காலையில் எண்ணெய்க் குப்பியை வெயிலில் வைத்து உருக்காத வீடு நம் ஊரில் உண்டா? என் வீட்டு முற்றத்திலும் அந்தக் குப்பி வெயிலில் இருந்தது. கூட்டம் முடிந்து பத்து நாள் கழித்து அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மலைக் குளிரில் திருகு திரும்பியிருக்கிறது, உறைந்த எண்ணெய் கோட்டை நகரவிடவில்லை. அது தெரிந்த பிறகாவது வாயைத் திறந்தேனா? இல்லை. காரியதரிசிப் பதவி போய்விடும் என்று பயந்தேன். 'மேஸ்திரியின் அஜாக்கிரதை' என்று என் கையால் எழுதிய தீர்மானம் அப்படியே கிடந்தது. அதன்பின் அவர் கடைக்கு வேலை கொண்டுபோனவர்கள் எத்தனை பேர்? கோலப்பன் அவரோடு பேசியே இரண்டு வருஷம் ஆகிறது.

அவர் சும்மா இருக்கவில்லை. பழுதுபார்க்க வந்த இன்னொரு டெலஸ்கோப் ரைபிளை உடையவரிடம் சொல்லிவிட்டு மலைக்குக் கொண்டுபோனார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் ஒரு பாரன்ஹீட் வெப்பமானி இரவல் வாங்கினார். உச்சிக்கும் விடியலுக்கும் ஒரே தூரத்தில் ஒரே காகிதத்தைச் சுட்டுப் பார்த்தார். அந்த நோட்டைத் தேவகனி அம்மாள் முந்தாநாள் என் கையில் தந்தார்கள். "ஒங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாவ. வேற ஆருக்கும் காட்டல்ல" என்றார்கள்.

வாசிக்கிறேன். 'வெப்பம் தொண்ணூற்றிரண்டு, உச்சி. குறி சரி. வெப்பம் அறுபத்தாறு, விடியல். நல்ல மிஷின் எண்ணெய் போட்டும் குண்டு இரண்டு விரல் தாழ்வு. தேங்காய் எண்ணெய் போட்டு, விடியல். திருகு பத்துக் கோடு திருப்பியும் உள்ளே அசைவு இல்லை. குண்டு ஒரு முழம் தாழ்வு. மூன்றாம் வெடி அதிர்ச்சியில் கோடு குதித்தது.' கடைசியில் இரண்டு வரி: 'தேங்காய் எண்ணெய் யார் விட்டது என்று கேட்க வேண்டாம். இனி விடாமல் இருந்தால் போதும்.'

சாவி ஒருவனிடம்தான் இருந்தது. அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் துப்பாக்கியைத்தான் ஏசினார், ஆளை ஏசவில்லை. இரண்டு வருஷமாகக் கோட்டாறு கடைத்தெருவில் அவர் எனக்குக் கும்பிடு போட்டார். நானும் திருப்பிப் போட்டேன்.

கோலப்பா, உன் காலைக் கெடுத்தது இஸ்ரவேல் இல்லை. நான். தேவகனி அம்மா, உங்கள் வீட்டு அடுப்பை அணைத்ததும் நான்தான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்னும் பத்து நாளில் மார்கழி பிறக்கிறது, பன்றி இறங்கும். இனி நம் சங்கத்து ரைபிள் மலைக்குப் போனால், முதல் குண்டு விடியல் குளிரில் காகிதத்துக்கு. இஸ்ரவேலின் நோட்டு பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். தீர்மானப் புத்தகம் இதோ இருக்கிறது. பழைய வரியை அடிக்கிற பேனாவைக் கோலப்பன் கையில் கொடுக்கிறேன். அந்த இடத்தில் என் பெயரை அவனே எழுதட்டும். சாவியைத் தலைவர் மேசையில் வைத்துவிட்டேன்.

மேஸ்திரி, அன்றைக்கு எல்லோர் முன்னாலும் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். இன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்: ஆமாம், பெட்டியைத் திறந்தது நான்தான்.