அசைந்ததா என்று கேட்பான்

காலில் மின்சாரம் செலுத்தும் ஒட்டுப்பட்டைகளை உரித்த பிறகு தோலில் கொஞ்சம் பிசுபிசுப்பு நிற்கும், இன்ஸ்பெக்டர். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். நிறைய வீடுகளில் இதற்குச் சோம்பல்படுவார்கள். என் மகன் காலில் ஒரு தடிப்புகூட வந்ததில்லை. வேண்டுமானால் பிசியோதெரபி செய்ய வரும் பெண்ணிடமே கேளுங்கள்.

பைக்கிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அந்தப் பெண்தான் மின்தூண்டல் கருவியைக் கொண்டுவந்து எனக்குக் கற்றுக்கொடுத்தாள். பட்டை வழியாக மின்சாரம் போகும்போது அவனும் காலை அசைக்க முயல வேண்டும். பிறகு கருவியை அணைத்துவிட்டு, தானாக முயல வேண்டும். மல்லாந்து படுத்திருப்பவனுக்குப் பாதம் தெரியாது, அசைந்தாலும் உணர முடியாது. பார்த்துச் சொல்வது என் வேலை.

"அசைஞ்சுதாம்மா?" என்று கேட்பான்.

ஒரு நாள் அசைந்தது. கருவி அணைந்திருந்தது, கட்டைவிரல் மெல்ல நிமிர்ந்தது. எழுந்தால் இவன் முதலில் கேட்கப்போவது வண்டிச் சாவியைத்தான். இவன் வண்டி திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த மாலைகள் கொஞ்சமா? விபத்துக்குப் பிறகுதான் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தேன்.

"இல்லடா கண்ணு," என்றேன்.

அதன் பிறகு தினமும் அசைந்தது. தினமும் இல்லையென்றேன். அந்தப் பெண் சோதிக்க வரும் நாட்களில் மட்டும் முன்கூட்டியே கருவியை நெடுநேரம் ஓடவிடுவேன். தசை துவண்டுபோய், அவள் எவ்வளவு சொல்லியும் விரல் கிடந்தபடியே கிடக்கும். "மனசைத் தளர விட்டுடாதீங்கம்மா," என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவாள். நல்ல பெண்.

போன வாரம் அவன் தன் செல்போனைக் கால்மாட்டில் சாய்த்து வைத்திருந்தான். அதில் படம் பதிவாவதை நான் கவனிக்கவில்லை. பயிற்சி முடிந்ததும் சக்கர நாற்காலிக்கு மாறி, போனை எடுத்துப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"பிசியோ மேடத்தை வரச் சொல்றேம்மா," என்றான். குரல் நடுங்கியது. "இப்பவே வரச் சொல்றேன்."

அவனைவிட எனக்குத்தான் பயம் அதிகம். நடக்காத காலில் எலும்பு மெலிந்திருக்கும், மின்சாரத்தை அளவுக்கு மேல் கூட்டினால் முறிந்துவிடும் என்று அந்தப் பெண் முதல் நாளே எச்சரித்திருந்தாள். அவன் போனில் எண்ணைத் தேடும்போது, கணுக்காலை நாற்காலியின் மிதிப்பலகையோடு துண்டால் இறுக்கிக் கட்டினேன். தொடையில் பட்டைகளை ஒட்டினேன். வருகிறவளுக்குக் காட்டத்தான் ஒட்டுகிறேன் என்று நினைத்திருப்பான், அவன் தடுக்கவில்லை. குமிழைக் கடைசிவரை திருப்பினேன். "வேணாம்மா, வேணாம்மா" என்று என் கையைத் தள்ளினான். குழந்தையில் மருந்து புகட்டும்போதும் அப்படித்தான் தள்ளுவான்.

தொடைக்குள் எலும்பு முறிந்த சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. அவனுக்கு வலிக்கவில்லை. வலிக்காது என்று தெரிந்துதான் செய்தேன். வலிக்குமென்றால் பெற்றவள் செய்வேனா?

ஆஸ்பத்திரியில் நான் உள்ளே போனாலே நர்ஸின் கையைப் பிடித்துக்கொள்கிறான். "இவங்க இருக்கும்போது என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க" என்கிறான். புது இடம் என்றால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். பக்கத்தில் நான் இருந்தால் பயப்பட மாட்டான்.