கடைசியாக நன்றாக இருந்த நேரம்

சூர்யா,

நாற்காலியின் உயரம்தான் முக்கியம். நோயாளியின் வீட்டுக்குப் போனால் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் பதிய வேண்டும், எழும்போது முழங்கால் நடுங்கக் கூடாது. கே.ஜி.கண்டிகையிலிருந்து பள்ளிப்பட்டு வரைக்கும் பக்கவாதம் வந்த எத்தனையோ பேர் வீட்டில் நாற்காலிக் கால்களை நானே ரம்பம் வைத்து அறுத்துக் கொடுத்திருக்கிறேன். பதினெட்டு வருஷமாகப் பிசியோதெரபி செய்கிறவனுக்கு இதெல்லாம் பார்த்தவுடனே தெரிந்துவிடும். உன் பூனே வீட்டு சோபா அப்பாவுக்கு ஆகாது. போட்டோவில் பார்த்தேன், ரொம்பத் தாழ்வு.

ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவைக் கூட்டிப்போவதாகப் போனில் சொன்னாய். கூடவே ஒரு கேள்வியும் கேட்டாய். பூனே டாக்டருக்கு அனுப்புவதற்காக ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தாயாம். நோய் ஆரம்பித்த நேரம் விடிகாலை மூன்று மணி என்று அதில் இருக்கிறது. ஆனால் அன்றைக்குக் காலை ஆறரை மணிக்கு அப்பா உன்னோடு வீடியோ காலில் சிரித்துப் பேசியிருக்கிறார். எது சரி என்று கேட்டாய். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. இவ்வளவு எழுதுவதற்குள் மூன்று தடவை உள்ளே போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுவதுதான் நல்லது.

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் அப்பா போய்விட்டார். அதற்கப்புறம் எனக்கு எல்லாமே அண்ணன்தான், உன் அப்பாதான். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது, கண்டக்டர் வேலை புதிது. அவருடைய பஸ்ஸிலேயே ஏறிப் பள்ளிக்கூடம் போவேன். அவர் தொண்டையைத் திறந்து ஊர்ப் பெயர்களைக் கூவினால் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும். உன் அம்மா போய், நீயும் வேலைக்கென்று போன பிறகு, வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் சமைப்பேன், அவர் குறை சொல்லிச் சாப்பிடுவார். எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

போன வருஷம் அவர் ரிட்டையர் ஆனார். ஆடிக் கிருத்திகைக்கு நாலு நாள் இருக்கும்போது சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"இதாண்டா கடைசி காவடி. வெள்ளிக்கெழம பூனாவுக்குக் கெளம்பறேன். புள்ள டிக்கெட் போட்டுட்டான்."

"அப்போ நானு?"

"உனுக்கு இன்னாடா, நாப்பத்தாறு வயசாச்சு. ஊரே உன்னத் தேடிகினு வருது."

சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொண்டார். அடுத்த ஸ்டாப்பிங் என்ன என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளவில்லை.

கிருத்திகை அன்று சரவணப் பொய்கையில் குளித்துவிட்டு, கரையில் நின்று உன்னோடு போனில் பேசினார். அப்புறம் பூக்காவடியைத் தோளில் ஏற்றிவிட்டேன். மலைக்கோயில் படிக்கட்டை நோக்கி நடந்தோம். நல்ல கூட்டம். ஆறு ஐம்பது இருக்கும். காவடித் தண்டைப் பிடித்திருந்த வலது கை நழுவியது. அவர் மறுபடி தூக்கினார், மறுபடி விழுந்தது. அரோகரா என்று சொல்லப் பார்த்தார், வாயில் பாதிதான் வந்தது. உதடு வலது பக்கம் தொங்கிவிட்டது.

கோணிய முகம், விழுந்த கை, குழறிய பேச்சு. இதை நான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறவன். மூன்றில் ஒன்றைப் பார்த்தாலே ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள் என்று பள்ளிக்கூடங்களில் பேசியிருக்கிறேன். எனக்கு மூன்று நொடியில் தெரிந்துவிட்டது.

சுற்றி இருந்தவர்களுக்கு வேறு மாதிரி தெரிந்தது. காவடி எடுத்தவன் தள்ளாடினால், வாய் குழறினால், நம் ஊரில் யாரும் டாக்டரைத் தேட மாட்டார்கள். சாமி வந்துவிட்டது என்று வழிவிட்டார்கள். ஒருவர் நெற்றியில் விபூதி பூசினார். ஒரு அம்மா காலில் விழுந்து, "எம் பொண்ணுக்கு எப்போ கல்யாணம், வாக்கு சொல்லு சாமி" என்று கேட்டது. அண்ணன் "கா... கா..." என்றார். கார்த்திகையில் நடக்கும் என்று அந்த அம்மா எடுத்துக்கொண்டு அழுதது.

உனக்கு நஜீர் அகமதுவைத் தெரியும், பஸ் ஸ்டாண்டு எதிரில் மெக்கானிக் கடை. வருஷா வருஷம் படிக்கட்டு அடியில் தண்ணீர் கொடுப்பார்கள். அவர் ஜக்கை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"சார், இது சாமி இல்ல சார். வாய் ஒரு பக்கமா இழுத்துகினு போவுது பாருங்க. எங்க அத்தாவுக்கு இப்டித்தான் ஆச்சு. ஆட்டோ கீது, தூக்குங்க."

"பாய், நான் பாக்கற வேலையே இதுதான். இது அது இல்ல. சாமி மலையேறட்டும், யாரும் தொடாதீங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். இந்த விஷயத்தில் என் பேச்சை மீறி ஊரில் யார் பேசுவார்கள்? தயங்கித் தயங்கித் தள்ளி நின்றார். அவர் அத்தாவுக்கும் நான்தான் கையைக் காலை நீட்டி மடக்கினேன்.

அரைமணி போதும் என்று கணக்குப் போட்டேன். நடையில் ஒரு இழுப்பு, கையில் கொஞ்சம் பலவீனம். பூனேயில் உன் வீட்டு மூன்று மாடிப் படியை ஏற முடியாத அளவுக்கு, அவ்வளவுதான். மிச்சத்தை நான் சரிசெய்துவிடுவேன் என்று நம்பினேன். எத்தனை பேரைச் சரிசெய்திருக்கிறேன். அண்ணனின் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, விடவே இல்லை. அவரிடம் "ஒண்ணுமில்லண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அரைமணி போய் ஒரு மணியும் தாண்டியது. எட்டரைக்கு அவர் சரிந்து விழுந்த பிறகு, நஜீர்தான் என்னைக் கேட்காமல் 108-க்குப் போன் செய்தார்.

கூட்டத்தால் தாமதம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் சிகிச்சைக்கு இன்னும் நேரம் இருந்தது, சூர்யா. ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஒன்பதே முக்காலுக்குப் போய்விட்டோம். அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடலாம். மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த இளம் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் கேட்டார். "கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?"

"மூணு மணிக்கே வாய் கொழறிச்சுங்க. விரதக் களைப்புன்னு விட்டுட்டோம்" என்றேன்.

மூன்று மணிக்கு அவர் தூங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னேன். நேரம் தாண்டிவிட்டதே என்று வருத்தப்பட்டு எழுதிக்கொண்டார், பாவம். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, நான் சொன்னதைத்தான் எழுதினார். நீ பார்த்த மூன்று மணி அதுதான்.

ஏழு மாதமாக நான்தான் ஊட்டுகிறேன், குளிப்பாட்டுகிறேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்கிறேன். முதுகில் ஒரு புண் கிடையாது, வந்தால் நீயே பார். அலமாரியில் இருந்த உன் கல்யாணப் போட்டோவையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து ஒரே பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று எடுத்து பீரோவில் வைத்துவிட்டேன். தை மாதம் வலது கட்டைவிரல் அசைந்தது. துண்டின் நுனியைப் பிடித்துக்கூட இழுத்தார். இந்த விஷயத்தை உன்னிடம் சொல்லவில்லை. விரல் வந்தால் கை வரும், கை வந்தால் தடியை ஊன்றி எழுந்து நிற்பார். அந்த விரலுக்கான பயிற்சியை மட்டும் நிறுத்தினேன். இப்போது விரல் அசைவதில்லை.

நான் அறைக்குள் போனால் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். அசதி, வேறொன்றுமில்லை.

எழுதி முடித்ததும் மனம் கொஞ்சம் நிதானப்பட்டிருக்கிறது. உனக்கும் எனக்கும் நடுவில் இனி மறைக்க எதுவும் இல்லை. இவ்வளவு உண்மையைச் சொல்கிற ஒருவனைவிட நம்பிக்கையாக அப்பாவைப் பார்த்துக்கொள்ள அங்கே உனக்கு யார் கிடைப்பார்கள்? டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடு. அண்ணன் இங்கேயே இருக்கட்டும்.