உள்ளறையில் இருந்தால் ஜெயம்

ஆட்டம் பார்க்கும்போது நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை சார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நாம் கோல் போட்டால் கைதட்டுவேன், வாங்கினால் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். டிவியை உடைக்கிறவர்கள், பெண்டாட்டியை அடிக்கிறவர்கள் எல்லாம் எங்கள் சந்திலேயே உண்டு. என் வீட்டுக்காரி இசக்கிசெல்வி மேல் நான் ஒருநாளும் கை வைத்ததில்லை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து வற்றல் மிளகாய் கோடவுனில் மேஸ்திரியாகச் சேர்ந்தவன் நான். கோடவுனுக்கு மேலேயே குடியிருப்பு. பாண்டித்துரை என்று பெயர் இருந்தும், சந்தில் என்னைப் பாண்டி என்றுதான் கூப்பிட்டார்கள். தமிழ்நாட்டுக்காரன் யாராக இருந்தாலும் இங்கே அதுதான் பெயர். உலகக் கோப்பை வந்தபோது சந்து முழுக்க நீலமும் வெள்ளையுமாகக் கொடி கட்டியது நான். கட்-அவுட் தூக்கி நிறுத்தியது நான். அப்புறம்தான் பிரசிடென்ட் என்றார்கள். அர்ஜென்டினா ஃபேன்ஸ் பிரசிடென்ட். சாயாக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அந்த சந்தோஷம் உங்களுக்குப் புரியாது சார், நீங்கள் இந்த ஊர்க்காரர்.

எல்லா ஆட்டமும் என் வீட்டு டிவியில்தான். சவூதியோடு முதல் ஆட்டம். இடைவேளை வரை நாம் ஒரு கோல் முன்னால். இடைவேளை முடிந்ததும் செல்வி எல்லோருக்கும் சாயா கொடுத்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்து பார்த்தாள். அவள் உட்கார்ந்த சூட்டில் அடுத்தடுத்து இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. டம்ளர் எடுக்கும்போது அவளேதான் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் வந்து குத்தவெச்சதும் போச்சு, பாத்தியளா?"

அந்தப் பேச்சை ஆரம்பித்தது அவள்தான் சார், நான் இல்லை.

அடுத்த ஆட்டங்கள் எல்லாம் நடுச்சாமத்துக்கு மேல். அவள் உள்ளறையில் தூங்கினாள், நாம் ஜெயித்தோம். ஜெயித்த அன்று யார் எங்கே உட்கார்ந்தார்களோ அடுத்த ஆட்டத்துக்கும் அங்கேயே உட்கார வேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு வழக்கம். பக்கத்து வீட்டுத் தங்கப்பன் சேட்டன் வெறும் தரையில், சந்துப் பையன் ஜிதின் ஜன்னல் கட்டையில், நான் ஸ்டூலில். செல்விக்கு உள்ளறை. எங்களுக்கு என்ன சட்டமோ அதுதான் அவளுக்கும்.

ஹாலந்து ஆட்டத்தில் இரண்டு கோல் முன்னால் இருந்தோம். முடிகிற நேரத்தில் அவள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். ஒன்று வாங்கினோம். செம்பை வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள். கடைசி நொடியில் இன்னொன்று. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். உள்ளே போனாள். பெனால்டியில் ஜெயித்தோம்.

அதற்குப் பிறகுதான் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். அரையிறுதியில் மூன்று கோல் அடித்தோம், ஒன்றுகூட வாங்கவில்லை. மறுநாள் அவளிடம் சொன்னபோது, "அப்ப எனக்கும் ஒரு மெடல் வாங்கித் தாங்க" என்றாள். மனசார ஒத்துழைத்தாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

இறுதி ஆட்டம் பிரான்சோடு, ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு இழுப்பு உண்டு என்பது தெரியும் சார், நான்தான் மாதாமாதம் மருந்து வாங்குகிறேன். முந்தின நாள் புது லோடு மிளகாய் இறங்கியிருந்தது. நெடி மேலே ஏறும் என்று உள்ளறை ஜன்னலை அவளே சாத்திவிட்டாள். இன்ஹேலர் ஹாலில் டிவி அலமாரியில் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும்.

ஆட்டம் நம் கையில் இருந்தது. இரண்டு கோல் முன்னால், இன்னும் பத்து நிமிடம். கதவு தட்டினாள்.

"என்னங்க, கொஞ்சம் தொறங்க. நெஞ்ச அடைக்குது."

திறந்தேன் சார். நான் மனுஷன்தான், திறந்தேன். அவள் வாசற்படியில் நின்றாள், பிரான்சுக்குப் பெனால்டி கொடுத்தார்கள். கோல். அலமாரியைப் பார்த்து நடந்தாள். அவள் கை இன்ஹேலருக்கு எட்டுவதற்குள் இரண்டாவது கோல். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. பாண்டி என்று கூப்பிட்ட நாட்களில் பார்த்த பார்வை.

தோளைப் பிடித்துத் திருப்பி உள்ளே விட்டேன். தள்ளவில்லை. இன்ஹேலரையாவது கையில் கொடுத்திருக்கலாமே என்று நேற்றே கேட்டீர்கள். அந்த அவசரத்தில் தோன்றவில்லை. பிறகு தோன்றியது. ஆனால் கொடுப்பதற்குக் கதவைத் திறக்க வேண்டும்.

கதவு சாத்திய பிறகு ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது, நாம் மறுபடி முன்னால் வந்தோம். மூன்றுக்கு இரண்டு. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். முடியப்போகிற நேரத்தில் தங்கப்பன் சேட்டன் எழுந்தார்.

"எடா, அவளுக்கு வய்யா, முடியல போல இருக்கு. மதி, போதும், தொறந்து விடு."

"இன்னும் ரெண்டே நிமிஷம் சேட்டா, உக்காருங்க."

கேட்கவில்லை. போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். கை வைத்ததுதான் தாமதம், பிரான்சுக்கு இன்னொரு பெனால்டி. மூன்றுக்கு மூன்று. சேட்டனே பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார். அவரையும் விசாரியுங்கள், இல்லை என்று சொல்ல மாட்டார்.

அதன்பிறகு யாரையும் நம்ப முடியாது என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். வழக்கத்தை மீறி இடம் மாறினேன், அதற்கு என்ன வருமோ என்று இருந்தது. எழுந்தாலும் தோல்வி, அசைந்தாலும் தோல்வி என்று ஆகிவிட்டது. அவளைவிட நான்தான் மாட்டிக்கொண்டிருந்தேன் சார், அவளுக்காவது வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது.

பெனால்டி ஆரம்பித்தது. அவள் தட்டுவது பலகை வழியாக என் முதுகில் பட்டது. முதலில் தோளுக்கு நேராக. அப்புறம் இடுப்புக்கு நேராக. அவர்களுடைய இரண்டாவது அடியை நம் கோல்கீப்பர் தடுத்தபோது தட்டல் நின்றது. தூங்கிவிட்டாள் என்று உங்கள் ஏட்டிடம் முதலில் சொன்னேன். அது பொய். இழுப்பு வந்தவள் தூங்க மாட்டாள். கதவில் சரிந்தது முதுகில் தெரிந்தது. ஆனாலும் கோல்கீப்பர் தடுத்துவிட்டானே என்று இருந்தது.

ஜெயித்தோம். சந்தில் வெடி போட்டார்கள், செண்டை அடித்தார்கள். பிரசிடென்ட், பிரசிடென்ட் என்று கீழே இருந்து என்னைத்தான் கூப்பிட்டார்கள். தங்கப்பன் சேட்டன் கதவைக் காட்டினார். நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் இறங்குங்கள் என்றேன். கோப்பை கையில் வாங்குகிறவரை எதுவும் நடக்கலாம் சார். வாங்கித் தூக்கிக் காட்டிய பிறகுதான் எழுந்து தாழ்ப்பாளை எடுத்தேன்.

அவள் அண்ணன் செல்லதுரை ஸ்டேஷன் வாசலில் நின்று அழுகிறான். டிவியில் ஓடுகிற ஆட்டத்துக்கும் வீட்டுக் கதவுக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்கிறான். கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது எனக்கும் அது தோன்றாமல் இல்லை. திறந்துவிட்டு, அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அப்போதும் நாம் ஜெயித்திருந்தால்? அவளை எதற்காக உள்ளே போட்டுப் பூட்டினேன் என்று ஆகியிருக்கும். அதற்குப் பிறகு அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

நல்லவேளை, திறக்கவில்லை.