கேள்விக்காரனுக்குப் பதில்

— அவனை ப்ளாக் மட்டும் பண்ணிடாதே, அவுமாம்மா. பயந்தாங்கொள்ளின்னு உனக்குப் பேரு வந்துடும்.

— நீ மொதல்ல கையைத் தூக்குய்யா, சட்டை மாட்டணும். லில்லியன் விடிஞ்சதுலேர்ந்து குதிக்கிறா. "அக்கா, அந்தக் கேள்விக்காரன் கணக்கையே தூக்கச் சொல்லிப் புகார் குடுத்துடறேன்"ங்கறா.

— உன் தங்கச்சி கியரே போடாம ஆக்சிலேட்டரை மிதிக்கிறவ. இது என்ன, நீலச் சட்டையா? வீட்டோட கெடக்குறவனுக்கு எதுக்கு நீலச் சட்டை?

— மத்ததெல்லாம் தொவைச்சுக் கொடியில கெடக்கு. பட்டனைப் போடு.

— வெளிய லாரி ஹார்ன் அடிக்குது பாரு. கடைசிப் பேரணி. நீ கெளம்பு.

— அடிக்கட்டும்யா. ரெண்டு மாசமா தெனம் ஒரு கேள்வியோட என் பேஜுல வந்து நிக்கிறான்ல, அவனைப் பத்திப் பேசிட்டுப் போறேன்.

— அவன் கெட்டவன் இல்ல. "குழாயில எத்தனை மணிக்குத் தண்ணி வருது, நின்னு பாத்திருக்கீங்களா?"ன்னு கேட்டான். நீ மஞ்சக் கேனைத் தூக்கிட்டுப் போய் வரிசையில நின்னு வீடியோ போட்டே. அன்னிக்குத்தான் கிசுமு ஊர்ல பாதிப் பேரு உன் பேஜைத் தெறந்தாங்க. "ஓமேனா மீன் விக்கிறவளுக்குக் கவுண்டி சபை மெம்பர் பதவி கேக்குதா"ன்னு சிரிச்சவனெல்லாம் கப்சிப்.

— சந்தைக்குப் பின்னாடி சாக்கடை எத்தனை அடின்னும் கேட்டான். முட்டி வரைக்கும் சேத்துல எறங்கி அளந்தேன். நல்லாத்தான் கேட்டுட்டிருந்தான், நேத்து வரைக்கும்.

— ஏன், இன்னிக்கு என்ன?

— பாக்கலையா? ஃபோன் உன் தலகாணிக்கு அடியிலதானே கெடக்கு. நானே சொல்றேன். "ஜெயிச்சுட்டா, எந்திரிச்சு நடக்க முடியாத புருஷனை என்ன பண்ணுவீங்க?"

— அவன் அதை உடனே அழிச்சிருப்பானே...

— அழிச்சான். அதுக்குள்ள எதிராளி ஆளுங்க படம் புடிச்சு ஒரு வாட்ஸப் குரூப் பாக்கியில்லாம சுத்த விட்டுட்டாங்க. "புருஷனைத் தூக்கி உக்கார வைக்கவே இவளுக்குப் பொழுது போதாது, வார்டை எங்க பாப்பா?"ன்னு கீழ எழுதி வேற.

— ஐயோ. நாலு நாள்ல ஓட்டு. இத்தனை தூரம் ஓட்டிட்டு வந்து, ஸ்டேண்டு வாசல்ல கவுத்துட்டானே, பாவி.

— அழாதேய்யா. காலைப் புடிச்சுக்கிறேன், ஷூ போடணும்.

— ஷூ எதுக்குடி?

— காலு சில்லுன்னு இருக்கு. எனக்கு அவன் மேல கோவமே இல்ல, தெரியுமா?

— இவ்வளவு பண்ணினப்புறமுமா?

— போன மாசம் நம்ம பொண்ணு அவுமாவோட பள்ளிக்கூட அலைச்சல்ல உன் ஃபோனுக்கு டேட்டா போட மறந்தேனே, ஞாபகம் இருக்கா? அந்த ரெண்டு நாளும் கேள்விக்காரன் வாயே தெறக்கல.

— அது... அவனுக்கும் ஏதாவது வேலை இருந்திருக்கும்.

— மூணாம் நாள் போட்டேன். ஓமேனாவைக் காயப் போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள, "பள்ளிக்கூடத்துக் கூரை ஏன் ஒழுகுது?"ன்னு வந்துட்டான். வேலை முடிஞ்சுதாக்கும்!

— தெரிஞ்சும் ஏன் டேட்டா போட்டுட்டே இருந்தே?

— பத்தொம்பது வருஷம் தெருத்தெருவா ஆளேத்தி மட்டாட்டு வேன் ஓட்டின மனுஷன் நீ. இந்த வார்டுல உனக்குத் தெரியாத பள்ளம் இல்ல. வண்டி கவுந்த நாள்லேர்ந்து ரெண்டு வருஷம், யாரும் என்னைப் பாக்க வேணாம்னு செவுத்தைப் பாத்தே படுத்திருந்தே. கேள்வி கேக்க ஆரம்பிச்சப்புறம்தான்யா இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தே. கேக்கட்டும்னு விட்டுட்டேன்.

— ரிஸ்பா, மத்ததெல்லாம் உனக்காகக் கேட்டேன். இன்னிக்குக் கேட்டது மட்டும் எனக்காக. வாய் விட்டுக் கேக்கத் தைரியம் வரல. நீ பெரிய ஆளாயிடுவே. ஆபீஸ், கார், கூட்டம்னு போயிடுவே. நான் இங்கேயே கெடப்பேன். பயமா இருந்துச்சு.

— தெரியும். பொண்டாட்டிகிட்ட கேக்கவேண்டியதை ஊரைக் கூட்டிக் கேட்டே. அதான் நானும் ஊரு பாக்கவே பதில் போட்டேன். இந்தா கண்ணாடி. ஃபோனை எடுத்துச் சத்தமாப் படி.

— "கேள்விக்காரரே, ஜெயிச்சாலும் தோத்தாலும் ராத்திரிச் சாப்பாடு எனக்கு அவரோடதான். நான் இதுவரைக்கும் சொன்ன பதிலெல்லாம் அவர் காட்டின பள்ளம், அவர் காட்டின தெரு. இவரை என்ன பண்ணுவேன்னு கேக்குறீங்களே, இவர் இல்லாம நான் என்ன பண்ணுவேன்? சந்தேகம் தீரலைன்னா இன்னிக்குச் சந்தை மைதானத்துக்கு வாங்க, எல்லார் முன்னாலயும் நேர்ல கேளுங்க." ... அடிப்பாவி, அவன் எப்படிடி வருவான்? இந்தக் காலை வெச்சுக்கிட்டு?

— நீலச் சட்டை போட்டுக்கிட்டு வருவான்.

— வேணாம், அவுமாம்மா. எல்லாரும் பாப்பாங்க. நீ போ. உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த லாரி பேட்டரியே எறங்கிடும்.

— நெஜமாவே வேணாம்னா சொல்லு, ஷூவைக் கழட்டிடறேன். ஆனா உன் பழைய ஸ்டேண்டு டிரைவருங்க நாலு பேரு உன்னைத் தூக்க வாசல்ல நாற்காலியோட நிக்கிறாங்க, லாரியில முன் சீட்டைக் காலியா வெச்சிருக்காங்க. ஹார்ன் எனக்கு அடிக்கலய்யா, உனக்கு அடிக்கிறாங்க.