பத்தாவது ஆள்

ஐயோ, அத அடியில வைக்காதீங்க தம்பி, அது குக்கர் இல்ல, விளக்கு. கண்ணாடி. குக்கர் இந்தப் பெட்டி. ஆமா, பதினொரு பெட்டியும் ஒரே வீட்டுக்குத்தான். இல்லல்ல, கடையெல்லாம் இல்ல. என் மூஞ்சியப் பாத்தா கடை வச்சிருக்கற மாதிரியா இருக்கு? பல் டாக்டர் கிளினிக்ல டோக்கன் குடுக்கறேன். இன்னைக்கு லீவு. வண்டியக் கொஞ்சம் சீக்கிரம் ஓட்டுங்க, என்ன.

நீங்க போன்ல இந்த மாதிரி சேந்து வாங்குவீங்களா? பத்துப் பேர் சேந்தா பாதி வெல. ஒருத்தர் கொறஞ்சாலும் ஒண்ணும் கெடையாது. மேல கடியாரம் வேற ஓடிக்கிட்டே இருக்கும், இன்னும் பதினாலு நிமிஷம், பதிமூணு நிமிஷம்னு. அதப் பாத்தா எனக்குக் கை நிக்காது. எங்க குடியிருப்புல எனக்குப் பேரே ஆஃபர் அக்கா. நான் லிஃப்ட்ல நின்னா, முட்டி வலிக்காரங்ககூட படியில போறாங்க. நாலாவது மாடி வர்றதுக்குள்ள ஒரு துடைப்பத்துக்கு ஆள் சேத்துடுவேன்ல.

ஒரு வருஷம் முன்னாடி குடை ஒண்ணு வந்துச்சு. ஒம்பது பேர் சேந்தாச்சு. ஒரே ஒரு ஆள் கொறையுது. கிளினிக்ல வீங்கின கன்னத்தோட உக்காந்திருந்தவரக்கூட கேட்டுப் பாத்துட்டேன், அவர் வாயத் தொறக்கற நெலமையில இல்ல. ரெண்டு நிமிஷந்தான் இருக்கு. என் விரலு தன்னால, சேர்றியான்னு ஒரு நம்பரப் போட்டு அனுப்பிடுச்சு. என் தங்கச்சி நம்பர். போட்டப்பறந்தான் திக்குன்னுச்சு. நாங்க பேசாம அப்பவே அஞ்சு வருஷம்.

எதுக்குச் சண்டையா? சிரிக்கக் கூடாது. அவ கணக்கு டீச்சர். தனி ஆளா நின்னு ஒரு ரூம் வீடு வாங்கினா. எல்லாரையும் கூப்ட்டிருந்தா. நான் பெருமையா மிக்ஸி கொண்டு போனேன். கூட வேல பாக்கறவங்கல்லாம் சுத்தி நிக்கறாங்க, பிரிச்சா. அடியில ஸ்டிக்கர். இலவசம், விற்பனைக்கு அல்ல. ஒண்ணு வாங்கினா ஒண்ணு சும்மா, தம்பி. வாங்கினது என் வீட்டுல, சும்மா வந்தது அவ வீட்டுல. ஸ்டிக்கரக் கிழிக்கற புத்திகூட இல்ல பாருங்க எனக்கு. எல்லாரும் போனப்பறம் கேட்டா, ஏன்க்கா, நான் உனக்குச் சும்மா வந்தவளான்னு. மன்னிச்சுக்கோடின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன சொன்னேன் தெரியுமா, மிக்ஸி ஓடுதா இல்லையா, அதச் சொல்லுன்னேன். கிளினிக்ல எத்தன பல்லப் பிடுங்கறாங்க, இந்த நாக்கப் பிடுங்க ஒரு ஆளில்ல.

அவ எங்க சரின்னு அழுத்தப் போறான்னுதான் நெனச்சேன். ஒரு நிமிஷங்கூட ஆகல, சரின்னு வந்துடுச்சு. தெரியாம அழுத்திட்டாளோ என்னமோன்னு, அடுத்த மாசம் வேணும்னே ஒம்பது பேரோட நிறுத்தினேன். பத்தாவதா அவ நம்பர். சரி. அதுக்கடுத்து தலகாணி. சரி. நாய் பெல்ட்டு போட்டேன் தம்பி. அவகிட்ட நாய் கெடையாது. எங்கிட்டயும் கெடையாது. அதுக்கும் சரின்னா.

சாமானெல்லாம் ஆள் சேத்தவங்க வீட்டுக்குத்தான் வரும், அவங்கவங்க வந்து எடுத்துக்கணும். அவ வரல. வந்து எடுத்துக்கட்டுமேன்னு நான். கொண்டாந்து குடுக்கட்டுமேன்னு அவ. எங்க வீட்டுக்காரர் கால் நீட்ட எடமில்லாம, உன் தங்கச்சி வராட்டாலும் அவ சாமான் குடி வந்துடுச்சுடின்னாரு.

போன் பண்ணிப் பேச வேண்டியதுதானேன்னா? பேசினா நான்தான் ஏதாவது உளறிடுவேனே. இதுல அந்த வம்பில்ல. நான் ஆள் கேக்கறேன், அவ சரிங்கறா. மாசம் ஒரு சரி. எனக்கு அது போதும்னு இருந்துட்டேன்.

இந்தச் சந்துதான், திரும்புங்க. இன்னைக்கு என்ன அவசரம்னா, இந்த மாசம் போர்வை. முந்தாநாள் போட்டேன். ஒம்பதுலயே நின்னுடுச்சு. கடியாரம் ஓடி முடிஞ்சு, ஆள் சேரல, ரத்துன்னு வந்துடுச்சு. ஆறு வருஷத்துல முதல் தடவையா நானே போன் அடிச்சேன். ரிங் போகுது, எடுக்கல. நேத்தும் எடுக்கல. ஸ்கூல்ல கேட்டா ரெண்டு நாளா வரலைங்கறாங்க, தகவலும் இல்லையாம். விழுந்தடிச்சு ஓடி வர வேண்டியவ பெட்டி ஏத்திக்கிட்டு இருக்கேன் பாருங்க. வெறுங்கையோட எப்படிப் போய்க் கதவத் தட்டறதுன்னு கூச்சம்.

நிறுத்துங்க, இந்தக் கட்டடந்தான். ரெண்டாவது மாடி. வேணாம், பெட்டிய இப்ப இறக்காதீங்க. ஒரே ஒரு உபகாரம் தம்பி. மேல வலது பக்கம், பச்சத் திரை போட்ட ஜன்னல் அவளோடது, ஆள் இருந்தா தொறந்துதான் கெடக்கும். அது தொறந்திருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. எனக்கு நிமிந்து பாக்கப் பயமா இருக்கு.